அட்டைக்கு ஏற்ற முடிவு

பிப்ரவரி 3

அன்புள்ள தந்திக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இடுப்பு வலி, கண் எரிச்சல், மற்றபடி பழுதில்லை. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கு இன்னும் விடிகாலை ஷிப்டுதானா? தூக்கக் கலக்கத்தில் யார் கையிலாவது இரண்டு முறை குத்திவிடாதே.

போனில் பேசலாம்தான். ஆனால் போன் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசினால் நீயும் அத்தையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பீர்கள். உன் அண்ணன் கேட்காத மாதிரி எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருப்பார். அதற்குக் கடிதம் பரவாயில்லை.

இத்துடன் ஒரு புத்தகம் வருகிறது. நம் படகுத்துறை நாவல்தான். நம்முடையது என்று சொல்ல வாய் கூசுகிறது. கல்யாணமாகி வந்தபோது நான் பெட்டியில் கொண்டுவந்த அந்தக் கிழிந்த பிரதியை நீயும் நானும் எத்தனை தடவை படித்து மூக்கைச் சிந்தியிருப்போம்! வாயைத் திறக்காத துறைக்காரன், ஒரு நாள் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படகேறிப் போய்விடும் அவன் மனைவி, வருவாள் வருவாள் என்று தினமும் துறையில் விளக்கு வைக்கும் அவன், கடைசிவரை வராத அவள். அதைக் காதல் நாவலாக மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன்.

எங்கள் பதிப்பகத்தில் வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் அட்டை அச்சாகிவிடும். என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் அட்டைக்காரி, வரைந்து வரைந்து கை ஓய்ந்தவள், எந்தக் கதையானாலும் ஒருவன் ஒருத்தியைக் கட்டிப்பிடித்து நிற்கிற மாதிரி வரைந்து கொடுத்துவிடுவாள். அட்டை கடைகளுக்குப் போய் ஆர்டர் வந்த பிறகுதான் பழைய நாவல் என் மேசைக்கு வரும். அட்டையில் சேர்ந்து நிற்பவர்களை நான் உள்ளே எப்படிப் பிரிப்பது? அதனால் அவள் திரும்பி வந்துவிட்டாள். துறைக்காரனுக்கு ஒரு மீசையும் குதிரையும் கொடுத்திருக்கிறேன். முதலாளியம்மாவின் கட்டளை ஒன்றே ஒன்று: "அழ வைங்க, வேண்டாங்கல. ஆனா கடைசிப் பக்கத்துல கண்ணைத் துடைச்சு அனுப்பிடுங்க."

அத்தைக்குப் படித்துக் காட்டு, பொழுது போகும். உன் அண்ணனிடம் காட்ட வேண்டாம். அவர் எங்கே புத்தகம் படிக்கப் போகிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

தந்தி எழுதுவது. உங்கள் இடுப்பு வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. இப்போது கண்தான் மோசம். புரை முற்றிவிட்டதாம். நேற்று பீரோவைப் பார்த்து, "ஏண்டி நின்னுட்டே இருக்கே, உக்காரேன்" என்றாள்.

நீங்கள் வைத்த பேர் பரிசோதனைக் கூடம்வரை பரவிவிட்டது. ஏன் தந்தி என்று கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் பெண்டாட்டியிடம் நேராகப் பேசமாட்டார், சாப்பாடு போடட்டுமா, சட்டை எங்கே, கடைக்குப் போறாளா என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும், பதிலும் என் வழியாகத்தான் வரும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் அம்மா முன்னால் பேசக் கூச்சப்பட்டார், சரி. அந்தக் கூச்சம் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லையே!

புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். குதிரை வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாள். "அவன் வீடு ஒரே ரூம்தானேடி. குதிரையை எங்க கட்டுவான்?" என்றாள். மழையில் நனைந்துகொண்டே அவன் இரண்டு பக்கம் வசனம் பேசியபோது, "இவ்ளோ பேசறவனை விட்டுட்டா அவ போனா? திமிரு பிடிச்சவ" என்றாள். 

ஒன்று கேட்க வேண்டும். வேலை செய்த கையைச் சட்டைக் காலரின் பின்பக்கம் துடைத்துக்கொள்ளும் ஆளை எனக்குத் தெரியும். பழைய நாவலில் அந்தப் பழக்கம் துறைக்காரனுக்குக் கிடையாது. கடைசிப் பக்கத்தில் அவள் படகிலிருந்து இறங்கி நிற்கும்போது அவன் சொல்கிறானே, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று. நீங்கள் முதன்முதலாக எங்கள் வாசலில் பெட்டியோடு நின்றபோது அண்ணன் சொன்னது அது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த இடத்தைப் படித்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாரு எழுதினது?" என்றார். சொல்லிவிட்டேன். தட்டோடு எழுந்து போய்விட்டார்.

அம்மா உங்களை விசாரித்தாள். நானும்.

தந்தி


மார்ச் 4

அன்புள்ள தந்திக்கு,

இங்கே சளித் தொல்லை தவிர வேறு புகார் இல்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். நீதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவாய் என்று தெரியும், அதனாலேயே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சாதாரணமானது. முப்பது பக்கம் குறைந்தது. எப்படியாவது நிரப்ப வேண்டும். மூலத்திலோ துறைக்காரன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரி கிடையாது. காதலிக்கும் ஆண்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? தெரிந்த கையை, தெரிந்த காலரை எடுத்துப் போட்டேன். பசிக்குக் கையில் கிடைத்ததைத் தின்கிற மாதிரி. அதில் வேறொன்றும் தேடாதே.

இப்போது வேறு நாவல். கஞ்சக் கிழவன் ஒருவன் மருந்துக்கடைக்குள்ளேயே தனியாகச் செத்துப்போகும் கதை, உனக்கு ஞாபகம் இருக்கும். முதலாளியம்மா, "அவருக்கு வயசு இருபத்தெட்டு ஆக்கிடுங்க" என்றார். ஆக்கிவிட்டேன். கஞ்சத்தனத்தை, தங்கைக்காகச் சேமிப்பதாக மாற்றிவிட்டேன். சாவை மயக்கமாக மாற்றிவிட்டேன். மயக்கம் தெளிவிக்க ஒரு டாக்டர் பெண் வருகிறாள். யாராவது மூல ஆசிரியர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைந்தால் இரண்டு கன்னத்தையும் காட்டுவேன். அவ்வளவு அலுப்பாக இருக்கிறது.

அட்டைக்காரி சொல்கிறாள், அவள் வரையும் ஜோடிகளின் முகம் எதுவுமே ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லையாம். இருவர் கண்ணும் வாங்க வருகிறவரைத்தான் பார்க்குமாம். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உன் அண்ணன் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டிவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் தெரிகிறது, அதுதான் புதுத் தொல்லை. "இந்தச் சுவர் இவ்ளோ அழுக்கா இருக்கே, யாருமே சொல்லல?" என்று தினமும் ஒரு விசாரணை. விடியுமுன் ஊசி, அப்புறம் சொட்டு மருந்து, அப்புறம் சமையல். நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன்.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாயை அண்ணன் சரிசெய்துவிட்டார். நீங்கள் இருந்த காலம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்ததே, அது. ஊரார் வீட்டு மோட்டாரெல்லாம் இவர் கையில் ஓடும், நம் வீட்டுக் குழாய் சொட்டும் என்று சொல்வீர்கள். இப்போது சொட்டுவதில்லை.

உங்கள் அறைக்கும் வெள்ளை அடிக்க ஆரம்பித்திருக்கிறார்.

வேறு என்ன எழுதுவது? உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தந்தி


மே 5

அன்புள்ள தந்திக்கு,

அத்தைக்குப் பார்வை வந்தது நிம்மதி. மற்ற கண்ணுக்கும் தேதி கேட்டு வை.

குழாய் ஏன் சரியாயிற்று?

உனக்கு வளைத்து வளைத்து எழுத வராது. உன் கடிதத்தில் எப்போதும் நான்கு பக்கம் இருக்கும், போன கடிதத்தில் ஒரு பக்கம்தான் இருந்தது. "வேறு என்ன எழுதுவது" என்று நீ இதுவரை எழுதியதே இல்லை. என்ன நடக்கிறது?

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் வைத்துப் படித்திருக்கிறார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மேசையில், கம்பிச் சுருளுக்கும் வார்னிஷ் டப்பாவுக்கும் நடுவில். படித்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். பக்கமெல்லாம் விரல் கறை.

படித்து முடித்த அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவ வரா போல இருக்கு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் குழாயைக் கழற்றினார்.

புரிகிறதா அண்ணி? அட்டை முதலில் அச்சாகும் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. அந்த வாசல் வார்த்தை அவருடையது. அதைக் கடைசிப் பக்கத்தில் வைத்து, திரும்பி வந்தவளிடம் சொல்ல வைத்திருக்கிறீர்கள். அது தனக்கு எழுதின கடிதம் என்று நினைத்துவிட்டார். வேறு எப்படி நினைப்பார்? முப்பது பக்கத்துக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

எனக்கு அன்றைக்கே தெரியும், சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சுவரைச் சுரண்டினார். இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இன்னும் இரண்டு நாள் போகட்டும், இன்னும் இரண்டு நாள் என்று தள்ளிவிட்டேன்.

நீங்கள் சண்டை போட்டுப் போகவில்லை. வேலை கிடைத்தது, போனீர்கள். திரும்பி வரவில்லை. அதற்கு என்ன பேர் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, அவர் கேட்கவே மாட்டார். இப்போது அவர் அறையை வெள்ளையடித்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் வருகிறீர்களா இல்லையா?

இல்லையென்றால் அதை அவரிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் முடியாது.

தந்தி


மே 28

தந்திக்கு,

நலம். அத்தைக்கு என் வணக்கம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அது என் பிழைப்பு. அட்டை கட்டிப்பிடித்தால் நான் கட்டிப்பிடிக்க வைக்க வேண்டும். அதை ஒரு மனிதர் தனக்கு வந்த சேதி என்று எடுத்துக்கொள்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மருந்துக்கடைக்காரன் மயக்கம் தெளிந்து எழுந்ததைப் படித்து, செத்தவர்களெல்லாம் எழுந்து வருவார்கள் என்று யாராவது காத்திருப்பார்களா?

எனக்குக் காய்ச்சல் வந்த அன்று நீ இருந்தாய். நான் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தேன். அவர் நிலைப்படியில் நின்று உன்னிடம், "அவளுக்கு எப்படி இருக்குன்னு கேளு" என்றார். நீ இரண்டடி எடுத்து வைத்து வந்து என்னிடம் கேட்டாய். நான், "பரவாயில்லைன்னு சொல்லு" என்றேன். நீ திரும்பிப் போய்ச் சொன்னாய். நம் மூன்று பேருக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அவர் போன பிறகு எனக்கு மட்டும் திடீரென்று அழுகை வந்தது. நீ காய்ச்சலின் வேகம் என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டாய். அன்று சாயங்காலம்தான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்.

அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. யாரிடமாவது குறை சொன்னால், "இதுக்கா?" என்பார்கள். இதுக்குத்தான்.

உன்னால் சொல்ல முடியாது என்றால் சொல்லாதே. பரணில் தகரப் பெட்டிக்குள் அந்தப் பழைய பிரதி இருக்கும். அதை அவரிடம் கொடு. உண்மையான கதை அதுதான், நான் அதைத்தான் கெடுத்தேன் என்று மட்டும் சொல். மிச்சத்தை அவரே படித்துக்கொள்வார்.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சளியும் இடுப்பும் என்ன பாடு படுத்துகின்றனவோ தெரியவில்லை. இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆயிற்று.

காய்ச்சல் கதையைப் படித்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டடியை நடந்தவள் நான்தானே.

புத்தகத்தைக் கொடுத்தேன். "இதுதான் ஒரிஜினல். அண்ணி எழுதினது இதைப் பாத்துத்தான். ஆபீஸ்ல முடிவை மாத்தச் சொல்லுவாங்களாம்" என்றேன். "மாத்துவாங்களா?" என்றார். "ஆமா" என்றேன். வாங்கிக்கொண்டார். இதைச் சீக்கிரம் படித்துவிட்டார், பழகிவிட்டது போல.

முடித்த அன்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறையில் மூன்று சுவர் வெள்ளை, ஒன்று பழைய பச்சை. வெள்ளையடிக்கிற மட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். மட்டை காய்ந்து கட்டையாகிவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. அம்மாதான் நச்சரிக்கிறாள், "பாதிச் சுவரோட விட்டா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று. இந்தக் கண் ஆபரேஷனுக்கு நான் சம்மதித்திருக்கவே கூடாது.

நேற்று என் மேசைக்கு வந்து, "ஒரு கவர் இருந்தா குடு" என்றார். எதற்கு என்றேன். "வேணும்" என்றார். அப்புறம் பேனாவும் கேட்டார். அப்புறம், கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார்.  வேண்டுமென்றே, "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தந்தி


ஜூன் 24

நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா கண்டுக்காதே.

ரெண்டு புத்தகமும் படிச்சேன். நீ எழுதினதுல அவ வந்துடறா. பழசுல வரலை. தங்கச்சி பழசுதான் ஒரிஜினல்ங்கறா. ஆனா நான் சொன்ன வார்த்தை உன் புத்தகத்துலதான் இருக்கு, பழசுல இல்லை. மோட்டார் எரிஞ்சு வந்தா, பிரிச்சுப் பாத்தா எங்க எரிஞ்சுருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடும். இதை ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன், தெரியலை.

ரெண்டுல எது நிஜம்?

குழாய் இப்ப சொட்டறது இல்லை.

பதிலைத் தங்கச்சிக்கு எழுதினாலும் போதும். அவ சொல்லிடுவா.


ஜூலை 6

உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் கடையில் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுவதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதிலை அவளுக்கு எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், உங்களுக்கே எழுதுகிறேன்.

பழைய கதையில் அவள் படகேறிப் போகிறாள். என் கதையில் படகேறிப் போனவள் மறுபடி படகேறி வருகிறாள். துறை அவனுடையது, படகும் அவனுடையது. அதில் ஒரு நாளாவது அவன் ஏறினானா? விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நான் ஒரு குதிரையே வாங்கிக் கொடுத்தேன், அதில் ஏறியும் வீட்டுக்கும் துறைக்கும்தான் போய்வந்தான். எழுதும்போது எனக்கே இது தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது.

அதனால் இரண்டும் நிஜம் இல்லை.

என் முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

விசாரிப்பெல்லாம் பிறகு. அவசரமாக எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் கடையைத் திறக்கவில்லை. என்னிடம் வந்து, "பை எங்க இருக்கு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு சட்டை, ஒரு துண்டு, என்ன நினைத்தாரோ டெஸ்டரையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா, "எங்கடா கிளம்பிட்ட?" என்றாள். "ஒரு வேலையா" என்றார்.  வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லி அனுப்பச் சொல்வாரோ என்று காத்து நின்றேன். சொல்லவில்லை. போய்விட்டார்.

அம்மா மட்டும், "இவனுக்குக் குதிரை வேற இல்ல. அந்த டப்பா பஸ்ல எப்பப் போய்ச் சேருவானோ" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்குமுன் ஆள் வந்திருப்பார்.  ஊசி போடும்போது இன்றைக்கு ஒருவர் கத்தியே விட்டார்.

தந்தி


ஜூலை 23

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கை நிதானத்துக்கு வந்ததா? அத்தையிடம் என் அன்பைச் சொல். எனக்கு உடம்பு பரவாயில்லை. இடுப்பு வலி வழக்கம்போல. கண்தான் வீங்கியிருக்கிறது, அது வேலையால் வந்தது இல்லை.

வந்தார். மத்தியானம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது எதிர்ப்பக்க நடைபாதையில் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எண்ணைச் சரிபார்க்கிறாரா, திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறாரா தெரியவில்லை. சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. மேலிருந்து நான்தான் சொன்னேன், "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க." சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தை எழுது என்று முதலாளியம்மா சொன்னால் எனக்கு எழுத வராது.

அட்டைக்காரி அறையில்தான் இருந்தாள். இருக்கிற ஒரு நாற்காலியில் அவர், கட்டில் விளிம்பில் நான், தரையில் காகிதம் விரித்து வரைந்துகொண்டு அவள்.  அவர் மேசை விளக்கைத் தட்டிப் பார்த்தார். ஒயர் தளர்ந்திருந்ததை டெஸ்டரால் முடுக்கினார். அதற்குமேல் முடுக்க ஒன்றும் இல்லை. எழுந்து அடுப்புப் பக்கம் போனார். டீத்தூள் டப்பாவைக் கண்டுபிடித்தார், பாலைக் கண்டுபிடித்தார். அப்புறம் அட்டைக்காரி பக்கம் திரும்பி, "அவ டீ குடிப்பாளான்னு கொஞ்சம் கேளுங்க" என்றார்.

 இவ்வளவு தூரம் வந்தும் இதுதானா என்று இருந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

அவளோ தலையைத் தூக்காமல், "நான் அட்டை மட்டும்தான் சார் போடுவேன். உள்ள இருக்கறதை நீங்களே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, காகிதத்தையும் வண்ணத்தையும் வாரி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அவர் கையைக் காலருக்குப் பின்னால் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். பால் பொங்குகிற நேரத்துக்கு வந்துவிட்டது. திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "உனக்குச் சக்கரை எவ்ளோ போடணும்?" என்றார்.

"ஒண்ணரை ஸ்பூன்" என்றேன்.

நீ எனக்கு எப்போதும் இரண்டு போட்டாய். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என்மேலும்தான் தப்பு.

ஸ்பூனில் பாதியை அளக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. தராசு முன்னால் நிற்கிறவர் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் போட்டார். நான் குடித்தேன். நன்றாக இருந்ததா என்று கேட்டார். டீத்தூள் ஜாஸ்தி என்றேன். அதற்கப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத்துணி எதுவும் தேடாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு நாள் இருந்தார். பக்கத்து விடுதியில் தங்கினார். ரொம்பவெல்லாம் பேசவில்லை. பேசினது அத்தனையும் என்னிடம் பேசினார். நேற்றுப் பஸ் ஏறினார். கடை பூட்டிக் கிடக்கிறதாம், நான்காவது சுவர் வேறு பாக்கி இருக்கிறதாம். அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் திரும்பி வருவேனா என்று நீ கேட்பாய். எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்தாலும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. அவர் கேட்கட்டும், அவரிடம் சொல்கிறேன். உனக்கு இனி அந்த வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. நன்றாகத் தூங்கு.

அண்ணி